பூத்தும் காய்க்காத அடும்பு: எண்ணூர்க் கரையில் விதை எடுத்த ஒரு நிகழ்வின் ஆய்வு

திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் முகத்துவாரம் வரை, கல் கொட்டிய கரைக்கும் தூண்டில் வளைவுகளுக்கும் (அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிக் கட்டிய கல் சுவர்கள்) இடையில் ஆங்காங்கே மணல் ஒதுங்கிக் கிடக்கிறது. அப்படி ஒதுங்கிய ஒரு திட்டு சுமார் 40 மீட்டர் நீளம். அதில் முக்கால் பங்கை அடும்புக் கொடி மூடியிருக்கிறது. சிலர் இதை அடப்பங்கொடி என்பார்கள். மழைக்காலம் முடிந்த கையோடு காலை ஏழு மணிக்குப் போனால் திட்டு முழுக்க இளஞ்சிவப்பு கலந்த ஊதாப் பூ. ஒரு மாதம் கழித்து அதே இடத்தில் காய் தேடினால் வெறும் காம்புதான் மிஞ்சியிருக்கிறது. நூற்றுக்கணக்கில் பூத்த இடத்தில் ஒரு கைப்பிடி விதை தேறவில்லை.

மண்ணில் சத்து இல்லை, உப்புக்காற்று, அனல்மின் நிலையத்துச் சாம்பல் தூசி, தேனீ இல்லாமல் போனது என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். இவை எல்லாமே வடசென்னைக் கரையில் உண்மையான தொல்லைகள்தான். ஆனால் இந்தத் திட்டில் காய் பிடிக்காததற்கு முதல் காரணம் வேறு. அதைக் கண்டுபிடித்த விதம், சரி செய்த விதம், பிறகு விதையை எடுத்து முளைக்க வைத்து நட்ட விதம் ஆகியவற்றை இங்கே வரிசையாக எழுதுகிறோம்.

கொடியையே வெட்டி நடலாமே, விதை எதற்கு?

அடும்பு பல்லாண்டுக் கொடி. மணலில் ஓடும்போது ஒவ்வொரு கணுவிலும் வேர் விடும். இரண்டு மூன்று கணு உள்ள துண்டை ஈர மணலில் புதைத்தாலே பிழைத்துக்கொள்ளும். அதனால் கரையைப் பசுமையாக்க நினைப்பவர்கள் எல்லோரும் துண்டு வெட்டித்தான் நடுகிறார்கள். வேலை சுளுவாக முடியும், ஒரே மழைக்காலத்தில் பச்சை தெரியும்.

குறை பிறகுதான் தெரியவரும். ஒரு கொடியிலிருந்து வெட்டிய 100 துண்டுகளும் ஒரே செடிதான். கரையே அரித்துப்போகும் புயலில் கொடி பெயர்ந்துவிட்டால் மண்ணுக்குள் அதற்குப் பின்னால் எதுவும் இருக்காது. விதை விழுந்த திட்டு அப்படியில்லை. அடும்பு விதையின் தோல் தண்ணீர் புகாத அளவுக்குக் கெட்டி. மணலுக்குள் நாள்பட உறங்கிக் கிடக்கும். மணல் உரசியும் வெயிலில் காய்ந்தும் தோல் தேயத் தேய, ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக முளைக்கும். 1870களில் சென்னைத் துறைமுகம் கட்டத் தொடங்கியதிலிருந்து வடக்கு நோக்கிப் போகும் மணல் தெற்கே தடுபட்டது. அதனால் மெரினா அகன்றது, ராயபுரத்துக்கு வடக்கே கரை தேய்ந்தது. இப்படி மணல் வருவதும் போவதுமாக இருக்கும் கரைக்கு மண்ணுக்குள் இருக்கும் விதைதான் சேமிப்பு.

காரணத்தைப் பிடித்த விதம்

அடும்பு தன் மகரந்தத்தைத் தானே ஏற்காத செடி. ஒரே கொடியின் ஒரு பூவிலிருந்து இன்னொரு பூவுக்கு மகரந்தம் போனாலும் சூல் பிடிக்காது. வேறு விதையிலிருந்து வந்த செடியின் மகரந்தம் வேண்டும். இதே பேரினத்தைச் சேர்ந்த சர்க்கரைவள்ளியிலும் இதுதான் கதை. கொடி வெட்டி நட்ட ஒரே ரக வயலில் பூ இருந்தும் விதை காண்பது அரிது.

ஆக, 40 மீட்டர் திட்டு முழுவதும் ஒரே செடியாக இருக்கலாம் என்ற சந்தேகம் வருகிறது. கொடியைத் தொடர்ந்து போய்ப் பார்த்து இதைத் தீர்க்க முடியாது. பழைய தண்டு மணலுக்குள் புதைந்து மட்கிப்போய், இரண்டு முனையும் தனித்தனிச் செடி போலத்தான் தெரியும். கையால் மகரந்தம் சேர்த்துப் பார்ப்பதே தெளிவான வழி.

மறுநாள் விரியப்போகும் மொட்டை மாலையிலேயே அடையாளம் காணலாம். முறுக்கிய குடை போல நீண்டு, நுனியில் நிறம் ஏறியிருக்கும். அதன் மேல் மெல்லிய வலைத் துணியில் தைத்த சிறு பையை மாட்டி, காம்பைப் பஞ்சு நூலால் தளர்வாகக் கட்ட வேண்டும். பூ விடியலில் விரிந்து நண்பகலுக்குள் சுருங்கிவிடும் என்பதால் வேலை காலை 6 மணியிலிருந்து 8 மணிக்குள் முடிய வேண்டும். பூவின் குழலுக்குள் ஐந்து மகரந்தத் தாள்கள் இருக்கும். நடுவில் இரட்டை உருண்டையாகச் சூலகமுடி (மகரந்தத்தை ஏற்கும் நுனி) வெண்மையாகத் தெரியும். மகரந்தப் பையைச் சாமணத்தால் கிள்ளி எடுத்து, அந்த இரட்டை உருண்டையின் மேல் வெள்ளைத் தூள் ஒட்டும் வரை தடவ வேண்டும். ஒரு பகுதிப் பூக்களுக்கு அதே திட்டிலுள்ள மகரந்தம், அடையாளத்துக்குச் சிவப்பு நூல். இன்னொரு பகுதிக்கு முகத்துவாரத்துக்கு வடக்கே, காட்டுப்பள்ளிப் பக்கத்து மணலிலிருந்து அன்று காலையே கொண்டுவந்த பூவின் மகரந்தம், பச்சை நூல். ஒவ்வொன்றிலும் 20 பூவாவது இருந்தால்தான் முடிவை நம்பலாம். தடவிய பிறகு பையை மறுபடி மாட்ட மறக்கக்கூடாது. மறந்தால் வண்டு வந்து சோதனையைக் கெடுத்துவிடும்.

இரண்டு வாரத்தில் விடை தெரிந்துவிட்டது. சிவப்பு நூல் கட்டியவை பெரும்பாலும் காம்போடு மஞ்சளாகி உதிர்ந்தன. பச்சை நூல் கட்டியவற்றில் பாதிக்கு மேல் புல்லிதழுக்குள் பச்சை உருண்டை பருத்திருந்தது. அந்தத் திட்டு ஒரே செடி, அல்லது ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத நெருங்கிய உறவுகள். எந்த எருவாலும் இதைத் தீர்க்க முடியாது.

பூச்சி விஷயத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்தப் பூவுக்குச் சரியான அளவு உடம்பு கொண்டது மரத்தைத் துளைத்துக் கூடு வைக்கும் பெரிய கருவண்டு. அதற்குப் பட்டுப்போன பனை, காய்ந்த மூங்கில், பழைய மரக்கட்டை வேண்டும். கரையைச் சுத்தம் செய்கிறோம் என்று காய்ந்த கட்டைகளை எல்லாம் அள்ளிவிடும் இடத்தில் கருவண்டு குறையும். திட்டின் மேட்டுப்பக்கம் காய்ந்த மூங்கில் துண்டுகளை, ஒரு முனை அடைபட்டும் ஒரு முனை திறந்தும் இருக்கும்படி, கிடையாகக் கட்டி வைத்தால் போதும், தங்க இடம் கிடைத்துவிடும். பூக்காம்பிலும் இலைக்காம்பிலும் இருக்கும் தேன் சுரப்பிகளைத் தேடி எறும்பு ஏறும். அதைப் பூச்சி என்று எண்ணி மருந்து அடிக்கவே கூடாது. காயைத் துளைக்க வரும் வண்டுகளை விரட்டுவது அந்த எறும்புகள்தான்.

தாய்க்கொடி தேர்வு

முதலில் ஆள் மாறாட்டத்தைத் தவிர்க்க வேண்டும். பக்கிங்காம் கால்வாய் ஓரத்திலும் எண்ணூர்க் கழிமுக விளிம்பிலும் நிற்கும் நெய்வேலிக் காட்டாமணக்குக்கும் இதே சாயலில் பூ உண்டு. அது நிமிர்ந்து வளரும் புதர், வெளிநாட்டுக் களை, ஆடு மாடுகளுக்கு நஞ்சு. அதன் விதையில் பட்டுப் போன்ற நீள மயிர் இருக்கும். அதைக் கரைக்குக் கொண்டுவருவது பெரிய கெடுதல். மணலில் ஓடும் கடலோர அவரையும் ஊதாவாகப் பூக்கும். ஆனால் அதற்கு மூன்று மூன்றாக இலை, அவரை போன்ற பூ, நீண்ட காய். அடும்பின் இலை தடித்து, நுனி இரண்டாகப் பிளந்து மான் குளம்பு போலிருக்கும். கிள்ளினால் பால் வரும்.

விதைக்காகக் குறைந்தது நான்கைந்து திட்டுகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நடுவில் தூண்டில் வளைவோ, முகத்துவாரமோ, கல் கரையோ பிரிக்கும்படி இருந்தால் வேறு வேறு செடியாக இருக்கும் வாய்ப்பு அதிகம். நெட்டுக்குப்பம், தாழங்குப்பம், காட்டுப்பள்ளி, அதற்கும் வடக்கே பழவேற்காடு நோக்கிப் போகும் மணல் எல்லாம் இதற்கு ஏற்றவை. பழவேற்காட்டில் சரணாலய எல்லைக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் எதையும் எடுக்கக்கூடாது. குப்பத்துக் கரையில் எடுப்பதாக இருந்தால் ஊர்ப் பெரியவர்களிடம் முதலில் சொல்லிவிட வேண்டும். படகு ஏற்றும் தடம், வலை காயப்போடும் இடம் எது என்று அவர்கள்தான் காட்டுவார்கள். அந்த இடங்களை விட்டுத்தான் பின்னால் நடவும் முடியும்.

2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. அப்படித் தார் கட்டி படிந்த ஓரத்தில் விதை பொறுக்க வேண்டாம். விதையின் மயிரில் தார் ஒட்டினால் அதைக் கழுவி எடுக்க முடியாது.

காய் பறிப்பு

பூ விழுந்து காய் முற்ற ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். காய் கோலி குண்டு அளவு, ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர் குறுக்களவு. பச்சையாக இருக்கும்போது பறித்தால் உள்ளே விதைத்தோல் கெட்டியாகியிருக்காது. காய வைத்தால் சுருங்கி ஒன்றுக்கும் உதவாது. காய் வைக்கோல் நிறத்துக்கு மாறி, காம்பு சுக்காக உலர்ந்து, அழுத்தினால் ஓடு மொறுமொறுவென்று நொறுங்கும் நிலைதான் பதம். அதைத் தாண்டினால் நாலு பக்கமும் வெடித்து விதை மணலில் விழுந்துவிடும். எல்லாக் காயும் ஒரே நாளில் முற்றாது. வாரம் ஒரு முறை போய்ப் பதமானதை மட்டும் காம்போடு கத்தரிக்கோலால் வெட்டுவது நல்லது. இழுத்துப் பறித்தால் கணு வேர் பெயரும்.

உதிர்ந்த விதையையும் எடுக்கலாம். கொடிக்கு அடியில் மேல் இரண்டு விரல் மணலை வாரி, 5 மில்லிமீட்டர் கண் உள்ள சல்லடையில் சலித்தால் மணல் இறங்கி விதை நிற்கும். ஆனால் அந்த விதைகள் எந்த ஆண்டைச் சேர்ந்தவை என்று தெரியாது. தனிப் பொட்டலத்தில் போட வேண்டும். எந்தத் திட்டிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம். காய் குறைவாகப் பிடித்த திட்டில் தொடவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. மணலுக்கடியில் சேமிப்பு வேண்டும் என்றுதானே இத்தனை பாடும்.

ஒவ்வொரு திட்டின் விதையும் தனித்தனிப் பையில், இடமும் தேதியும் எழுதி வைக்க வேண்டும். இதைச் சோம்பல்பட்டு ஒன்றாகக் கொட்டிவிட்டால், நடும்போது தாயை மாற்றி மாற்றி வைக்க வழியில்லாமல் போய்விடும். முதலில் பட்ட பாடெல்லாம் திரும்ப வரும்.

உடைத்தல், தேர்வு, சேமிப்பு

காயைக் கோணிப்பையில் போட்டு உள்ளங்கையால் அழுத்தி உருட்டினால் ஓடு நொறுங்கும். முறத்தில் புடைத்தால் ஓடு பறந்து விதை நிற்கும். ஒரு காயில் அதிகபட்சம் நாலு விதை. விதை 7 முதல் 8 மில்லிமீட்டர், இரண்டு பக்கம் தட்டை, ஒரு பக்கம் வளைவு, மேலே பழுப்பு வெல்வெட் போன்ற மயிர். இந்த மயிர்த் தூசி மூக்கை அரிக்கும் என்பதால் முகத்தில் துணி கட்டிக்கொள்ள வேண்டும். விதை, குழந்தைகள் வாய்க்குப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விவசாயக் குடும்பத்தில் வளர்ந்தவர்கள் இந்த இடத்தில் சறுக்குவார்கள். நெல் விதையைத் தண்ணீரில் போட்டு மிதப்பதைப் பதர் என்று தள்ளுவது நம் கைப்பழக்கம். அடும்பில் அது தலைகீழ். உள்ளே காற்று அடைபட்ட விதை இது, கடலில் மிதந்து கரை விட்டுக் கரை போவதற்கென்றே ஆனது. நல்ல விதைதான் மிதக்கும். மிதந்ததைத் தள்ளினால் முழு அறுவடையும் குப்பைக்குப் போகும். கண்ணாலும் விரலாலும்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். வட்டமாகத் துளை விழுந்தது, அழுத்தினால் அமுங்குவது, சுருங்கியது எல்லாம் கழிவு. ஒவ்வொரு பொட்டலத்திலும் 10 விதையைக் கத்தியால் குறுக்கே வெட்டிப் பார்க்க வேண்டும். நல்ல விதைக்குள் வித்திலை (முளைக்கும்போது முதலில் வரும் இலை) வெளிர் மஞ்சளாக, மடித்துத் திணித்த துணி போல அடைந்திருக்கும். பழுப்புத் தூளோ புழுவோ இருந்தால் அந்தப் பொட்டலத்தில் எத்தனை பங்கு பழுது என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

நிழலில் ஒரு வாரம் உலர்த்த வேண்டும். வடசென்னையில் பகல் வெயிலைவிட இரவு ஈரக்காற்றுதான் பிரச்சினை. சாயங்காலம் ஆனதும் உள்ளே எடுத்து மூடிவிட வேண்டும். நன்றாகக் காய்ந்த விதையை மூடி இறுகிய கண்ணாடிப் பாட்டிலில் போட்டு ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்தால் உள்ளே ஒளிந்த வண்டும் முட்டையும் செத்துவிடும். வெளியே எடுத்ததும் பாட்டில் அறைச்சூட்டுக்கு வரும் வரை திறக்கக்கூடாது, திறந்தால் விதை மேல் வியர்க்கும். ஃப்ரீசர் வசதி இல்லாதவர்கள் விறகுச் சாம்பல் கலந்து வைக்கலாம். எண்ணூரில் சும்மா கிடைக்கிறதே என்று அனல்மின் சாம்பலை அதற்குப் பயன்படுத்த வேண்டாம்.

முளைப்பு

சும்மா விதைத்தால் பெரும்பாலானவை அப்படியே கிடக்கும். தோலில் ஓர் இடத்தைத் தேய்த்துத் திறக்க வேண்டும். எந்த இடம் என்பதுதான் முக்கியம். விதை காயோடு ஒட்டியிருந்த தழும்பின் பக்கத்தில்தான் முளைவேர் இருக்கிறது. அங்கே தேய்த்தால் வேர் நுனி போய்விடும். தழும்புக்கு எதிரே, வளைந்த முதுகில், உப்புத்தாளிலோ சிறு அரத்திலோ தேய்க்க வேண்டும். முதலில் மயிர் போகும், பிறகு கறுப்பு ஓடு தெரியும், அதற்கும் கீழே வெளிறிய புள்ளி தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். கொதிநீர் ஊற்றுவது சிலருக்குப் பலித்திருக்கலாம். ஆனால் கொஞ்சம் அதிகமானால் விதை வெந்துவிடும், குறைந்தால் தோல் திறக்காது. அமில முறை ஆய்வுக்கூடத்தில் செய்வது, வீட்டில் வேண்டாம்.

தேய்த்த விதையை 24 மணி நேரம் நல்ல தண்ணீரில் ஊறப்போட வேண்டும். கடலோரச் செடிதானே என்று உப்புத்தண்ணீரில் போடுவது தவறு. வளர்ந்த கொடி உப்பைத் தாங்கும், முளைக்கும் விதைக்கு நன்னீர்தான் வேண்டும். மீஞ்சூர் வட்டாரத்து நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறியிருப்பது பல ஆண்டாகத் தெரிந்த விஷயம். அங்கே போர் தண்ணீரை நம்பாமல் மழைநீரோ மெட்ரோ வாட்டரோ எடுத்துக்கொள்ளலாம். ஊறிய பிறகு நல்ல விதை இரு மடங்காக உப்பியிருக்கும். உப்பாததைத் தூக்கிப் போட வேண்டாம். துடைத்து, இன்னும் கொஞ்சம் தேய்த்து, மறுபடி ஊறப்போட்டால் பெரும்பாலும் உப்பும்.

பையில் மூன்று பங்கு மணல், ஒரு பங்கு செம்மண், அரைப் பங்கு நன்றாக மக்கிய எரு. தென்னைநார்க் கழிவைக் கலந்தால் ஈரம் தங்கித் தண்டு அடியில் அழுகும். நாற்று சாவதற்கு முதல் காரணம் இந்த அழுகல்தான். முளை விட்டதுமே ஆணிவேர் வேகமாகக் கீழே இறங்குவதால் குட்டையான பை உதவாது. 5 அங்குல அகலம், 9 அங்குல உயரமாவது வேண்டும். அதைவிட உயரம் கிடைத்தால் நல்லது. 2 முதல் 3 சென்டிமீட்டர் ஆழத்தில் விதைத்தால் வெப்ப மாதங்களில் ஒரு வாரத்துக்குள் ஆழமாகப் பிளந்த இரண்டு வித்திலைகள் மேலே வரும். அதுவரை தினம் ஒரு தெளிப்பு, நாலு இலை வந்த பிறகு மேல்மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர். முழு வெயிலில்தான் வளர்க்க வேண்டும். நிழல்வலைக்குக் கீழே வளர்ந்த நாற்று கரைக்குப் போன முதல் வாரமே கருகும்.

விதைப்பை ஆடிக் கடைசியிலிருந்து ஆவணிக்குள் முடித்தால், ஆறு முதல் எட்டு வாரத்தில் நாற்று தயாராகும்போது வடகிழக்குப் பருவமழை தொடங்கியிருக்கும். சென்னையின் ஆண்டு மழை ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. அதைத் தவறவிட்டு தை மாதத்தில் நட்டால் கோடை வருவதற்குள் வேர் ஈர மணலைத் தொடாது. எட்டு வாரத்துக்கு மேல் பையில் நிறுத்தினால் ஆணிவேர் அடியில் சுருண்டுவிடும், அந்த நாற்றைக் கழித்துவிடுவதே நல்லது.

நடவு

அலை கடைசியாக ஒதுக்கிய குப்பைக் கோட்டுக்கு மேட்டில், அதிலிருந்து சில மீட்டர் தள்ளித்தான் முதல் வரிசை. அதற்குக் கீழே நட்டால் முதல் புயலலையில் போய்விடும். இன்னொரு காரணமும் உண்டு. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் இந்தக் கரையில் ஏறி முட்டையிடுகின்றன. அவற்றுக்குத் திறந்த மணல் வேண்டும். கொடி அந்தப் பக்கம் அதிகம் ஓடினால் நுனியைத் தூக்கி மேட்டுப் பக்கம் திருப்பிவிடலாம்.

30 சென்டிமீட்டர் குழி, அடியில் கை வைத்தால் ஈரம் தட்டுப்பட வேண்டும். 1 மீட்டர் இடைவெளியில் முக்கோணமாக, அடுத்தடுத்த குழிகளில் வெவ்வேறு தாயின் நாற்று வரும்படி மாற்றி மாற்றி நட வேண்டும். பொட்டலத்தில் எழுதிய இடப்பெயரைப் பையிலும் எழுதியிருந்தால்தான் இது நடக்கும். எண்ணூர்த் திட்டில் பழைய ஒற்றைக் கொடியைப் பிடுங்கவில்லை. அதன் நடுவே ஆங்காங்கே 1 மீட்டர் அகலத்துக்குக் கொடியை ஒதுக்கி, வேறு நான்கு இடங்களின் நாற்றை இட்டால் போதுமானது. பழைய கொடிக்கும் அப்போதுதான் ஒத்துப்போகும் மகரந்தம் கிடைக்கும். புது நாற்று பூக்கும் வரை, காலையில் கையால் மகரந்தம் சேர்த்தே பழைய கொடியிலிருந்து விதை எடுக்கலாம்.

பிறகு பார்க்க வேண்டியது இரண்டு. ஒன்று, இலையில்லாமல் மஞ்சள் நூல் போலப் படரும் கொத்தான். அது அடும்பின் சாற்றை உறிஞ்சி வாழும். சிறிதாக இருக்கும்போதே, அது சுற்றிய அடும்புத் துண்டோடு வெட்டி, கரைக்கு வெளியே கொண்டுபோய் எரிக்க வேண்டும், மணலில் போட்டால் மறுபடி ஒட்டும். மற்றொன்று, குப்பை அள்ள வரும் ஜேசிபி. நாலு மூலையிலும் ஆள் உயரச் சவுக்குக் கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டினால் ஓட்டுநர் கண்ணுக்குப் படும். மணல் மூடுவதைப் பற்றிக் கவலை வேண்டாம், கொடி அதன் மேலேயே ஏறி வந்து கணுவுக்குக் கணு புது வேர் விடும்.

விதையிலிருந்து வந்த செடியில் அடுத்த மழைக்காலம் தாண்டித்தான் நிறையப் பூவை எதிர்பார்க்கலாம். அந்தப் பருவத்தில் மறுபடி பூக்களுக்கு நூல் கட்டி, இந்த முறை கையால் எதையும் தடவாமல் விட்டு, எத்தனை பங்கு காயாகிறது என்று பார்க்க வேண்டும். அப்போதும் காய் குறைவாக இருந்தால் தாய்ச்செடிகளைச் சந்தேகிப்பதை விட்டுவிட்டு, காலை 6 மணிக்குப் போய் உட்கார்ந்து கருவண்டு வருகிறதா என்று பார்க்க வேண்டும். வராவிட்டால் மேட்டுப்பக்கத்து மூங்கிலை இன்னும் கூட்டிக் கட்ட வேண்டும்.